பழைய கிட்டார் ப்ராசஸர்லேர்ந்து புதுசுக்கு பாட்ச் மாத்துறப்போ மாட்டிக்கிட்டீங்களா? எந்த இடத்துல நிக்குதோ அங்கேர்ந்து பாருங்க

பழைய பாக்ஸ்ல, அதாவது கிட்டார் சத்தத்த மாத்திக் குடுக்குற ப்ராசஸர்ல, வருஷக்கணக்கா உக்காந்து செட் பண்ண டோன் இருக்கும் (அத ஸேவ் பண்ணி வச்சா அது தான் பாட்ச்), கையில காசு சேர்ந்து புதுசு ஒண்ணு வாங்கியாச்சு, ஆனா அந்த டோன இதுக்குள்ள எப்படி கொண்டு வர்றதுன்னு புரியாம நிக்கிறவங்க தான் என்கிட்ட அதிகமா வர்றாங்க. சர்ச்ல வாசிக்கிற பசங்க, ஆடி மாசம் அம்மன் கோவில் கச்சேரிக்கு ஓடுற மெல்லிசைக் குழு ஆளுங்க, பக்கத்து ஃப்ளாட்டுக்கு கேக்கக் கூடாதுன்னு ராத்திரி ஹெட்ஃபோன்ல மட்டும் வாசிக்கிறவங்க, எல்லாருக்கும் வர்ற சிக்கல் சுத்தி சுத்தி இதே ஏழெட்டு தான். அதனால எது நடந்தா என்ன பார்க்கணும்னு பிரிச்சு எழுதியிருக்கேன். காசு ஆகாத வேலைய முன்னாடியும் செலவு வைக்கிறத பின்னாடியும் போட்டிருக்கேன், அந்த வரிசையிலயே போங்க.

ஒண்ணு மட்டும் மொதல்லயே மனசுல வச்சுக்கோங்க. பாட்ச் ஃபைலுக்குள்ள சவுண்ட் எதுவும் கிடையாது, அந்த மெஷினுக்கு மட்டும் புரியிற செட்டிங்ஸ் தான் இருக்கு. ஒரே கம்பெனியோட பழைய மாடலும் புது மாடலும் கூட ஒண்ணு சொல்றது இன்னொண்ணுக்கு புரியாம நிக்கும். அதனால சில இடத்துல ஃபைல் அப்படியே போகும், பல இடத்துல எண்களப் பாத்து கையால திரும்ப கட்டணும். உங்களுது இதுல எந்த வகைன்னு சீக்கிரம் கண்டுபிடிச்சா ரெண்டு நாள் மிச்சம்.

எதையும் தொடுறதுக்கு முன்னாடி

பழைய பாக்ஸ ஃபேக்டரி ரீசெட் பண்ணாதீங்க, ஃபர்ம்வேர் (பாக்ஸுக்குள்ளயே ஓடுற சாஃப்ட்வேர்) அப்டேட் போடாதீங்க, முக்கியமா வித்துடாதீங்க. "அட்வான்ஸ் வாங்கிட்டேன்ணே, நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போறான், இன்னைக்கு நைட்டுக்குள்ள மாத்திக் குடுங்க"ன்னு ஓடி வர்றவங்க நிறைய பேர். புதுசுல டோன் சரியா வந்துடுச்சுன்னு ரெண்டு மூணு ப்ராக்டிஸ்ல வாசிச்சுப் பாத்து திருப்தி ஆன பிறகு வித்துக்கலாம்.

உங்களுக்கு நெஜமாவே வேணுங்கிற பாட்ச் எதெதுன்னு பேப்பர்ல எழுதுங்க. நூறு இருந்தாலும் வாசிக்கிறது ஆறோ எட்டோ தான் இருக்கும். அந்த ஒவ்வொண்ணையும் திறந்து, ஸ்க்ரீன்ல வர்ற ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோன்ல ஃபோட்டோ எடுங்க. நாப் நிக்கிற இடத்த ஃபோட்டோ எடுத்து பிரயோஜனம் இல்ல, ஏன்னா ஸேவ் பண்ண பாட்ச திறந்தா உள்ள மதிப்பு மாறுமே தவிர நாப் தானா திரும்பாது. போஸ் (Boss) கட்டானா மாதிரி ஆம்ப்ல சேனல் ஒண்ணு அழுத்துனா கெயின் நாப் 3 மணில நிக்கும், உள்ள ஸேவ் ஆனது 10 மணி அளவா இருக்கும். கம்ப்யூட்டர்ல போடுற எடிட்டர் சாஃப்ட்வேர்ல தெரியிற நம்பர் தான் உண்மை, அதையே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க.

அதுக்கப்புறம் ஒவ்வொரு பாட்ச்லயும் ஒரே ரிஃப், ஒரே கிட்டார், ஒரே பிக்கப்ல அரை நிமிஷம் வாசிச்சு ஹெட்ஃபோன் அவுட்லேர்ந்து ரெக்கார்ட் பண்ணி வைங்க. நாளைக்கு எந்த ஃபைலும் ஏறலன்னாலும் இந்த ரெக்கார்டிங் கையில இருந்தா டோன திரும்ப கட்டிடலாம். இல்லன்னா ஞாபகத்த நம்பி தான் கட்டணும், அது ஒரு வாரத்துலயே மாறிப்போயிரும்.

பழைய பாக்ஸ் ஆனே ஆகல

அலமாரியிலேர்ந்து எடுத்தவங்களுக்கு மொதல்ல வர்றது இது. அடாப்டர் மாறிப்போயிருக்கான்னு பாருங்க. வீட்டுல பத்து அடாப்டர் கிடக்கும், பின் பொருந்துதுன்னு சொருகிடுவாங்க. போஸ், ஜூம் சின்ன பாக்ஸெல்லாம் பெரும்பாலும் 9 வோல்ட் டிசி, நடுப் பின் நெகட்டிவ். லைன் 6-ஓட பாட் 2.0 கேக்குறது 9 வோல்ட் ஏசி. டிசி அடாப்டர அதுல போட்டா வேலை செய்யாது, அந்த ஏசி அடாப்டர கொண்டு போய் டிசி பெடல்ல போட்டா பெடல் போயிரும். அடாப்டர் முதுகுல அவுட்புட்னு எழுதியிருக்கும், பக்கத்துல நேர்கோடும் கீழ புள்ளிக்கோடும் இருந்தா டிசி, வளைஞ்ச கோடு இருந்தா ஏசி. ஆம்பியரும் பாருங்க, பாக்ஸ் கேக்குறதுக்கு சமமாவோ கூடவோ இருக்கணும். ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப், பாட் கோ ரெண்டுக்கும் வர்ற டிசி-3ஜி அடாப்டர் 3 ஆம்பியர், அதோட இடத்துல சாதாரண பெடல் அடாப்டர் தாங்காது.

சரியான அடாப்டர் போட்டும் உயிர் வரலன்னா, இல்ல கருகுன வாசனை வந்தா, அங்கேயே நிறுத்திட்டு சர்வீஸ்காரர்கிட்ட குடுங்க. திரும்பத் திரும்ப ஆன் பண்ணிப் பாக்காதீங்க.

யூஎஸ்பி சொருகுனா கம்ப்யூட்டர்ல எதுவுமே தெரியல

பாதிக்கு மேல கேபிள் தான். சார்ஜிங்குக்கு மட்டும் வர்ற கேபிள்ல டேட்டா கம்பியே இருக்காது. பாக்ஸுக்கு பவர் போகும், லைட் எரியும், கம்ப்யூட்டர் மட்டும் கண்டுக்காது. ஜூம் ஜி1 ஃபோர் மாதிரி மைக்ரோ யூஎஸ்பி இருக்குற பாக்ஸ்ல இது ரொம்ப நடக்கும், ஏன்னா வீட்டுல கிடக்குற பழைய ஃபோன் கேபிளத் தான் எல்லாரும் எடுப்பாங்க. அந்த கேபிள்ல ஃபோன மாட்டி ஃபோட்டோ காப்பி ஆகுதான்னு பாருங்க, ஆச்சுன்னா கேபிள் ஓகே. கட்டானா எம்கே2, ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப், பாட் கோ எல்லாம் பிரிண்டர் கேபிள் தான், பிரிண்டர்ல வேலை செய்யிற கேபிளையே உருவி மாட்டிப் பாக்கலாம்.

கேபிள் ஓகேன்னா ஹப் இல்லாம நேரா லேப்டாப்ல சொருகுங்க. அதுலயும் வரலன்னா வேற போர்ட்ல. பழைய பாக்ஸ் சிலது புது யூஎஸ்பி 3 போர்ட்ல முரண்டு பிடிக்கும், அதுக்கு மட்டும் நேர்மாறா நடுவுல பழைய யூஎஸ்பி 2 ஹப் வச்சா சரியாகும்.

அடுத்தது ட்ரைவர். போஸ் பாக்ஸ் பலதுக்கும் ட்ரைவர தனியா எடுத்து போடணும், அதையும் பாக்ஸ கழட்டி வச்சுட்டு இன்ஸ்டால் பண்ணி, அது சொல்றப்போ தான் சொருகணும். வெப்சைட்ல உங்க மாடல் பேர்ல, உங்க விண்டோஸ் வெர்ஷனுக்கு உள்ளத எடுங்க. ரொம்ப பழைய பாக்ஸுக்கு விண்டோஸ் 11 ட்ரைவரே இருக்காது. மேக்லயும் இதே கதை, 2019-ல வந்த கேட்டலினாலேர்ந்து 32 பிட் ப்ரோக்ராம் எதுவும் ஓடாது, பழைய எடிட்டர்கள் பல அதோட போச்சு. இந்த இடத்துல தான் பரண்ல கிடக்குற விண்டோஸ் 7 லேப்டாப்புக்கு மரியாதை வரும். இன்டர்நெட்ல இணைக்காம, பழைய ட்ரைவர் எடிட்டர் மட்டும் போட்டு, ஃபைல் எடுக்குறதுக்குன்னே வச்சுக்கோங்க. சொந்தத்துல யார்கிட்டயாவது ஒண்ணு கண்டிப்பா தூங்கிட்டு இருக்கும், கேட்டுப் பாருங்க.

எல்லாம் பாத்தாச்சு, இன்னும் வரலன்னா போர்ட்ட டார்ச் அடிச்சுப் பாருங்க. திருவான்மியூர், பெசன்ட் நகர், திருவொற்றியூர் பக்கம் கடலுக்கு கிட்ட வீடு இருந்தா இத சீக்கிரமே பாருங்க. உப்புக் காத்துல போர்ட் உள்ள இருக்குற பின்ல பச்சையா பொடி பூத்திருக்கும், ஓரத்துல வெள்ளையா படிஞ்சிருக்கும். பவர எடுத்துட்டு, ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல நனைச்ச சின்ன பிரஷ்ஷால மெதுவா தேச்சு, நல்லா காஞ்ச பிறகு சொருகுங்க. ரிச்சி ஸ்ட்ரீட்ல எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விக்கிற கடைகள்ல பாட்டில் கிடைக்கும். ஊசியால சுரண்டாதீங்க, பின் வளைஞ்சா அதுக்கப்புறம் போர்ட்டையே மாத்தணும். போர்ட் உள்ள லூசா ஆடுச்சுன்னா, கேபிள ஒரு கோணத்துல பிடிச்சா மட்டும் கனெக்ட் ஆச்சுன்னா அது சோல்டரிங் வேலை, தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க. ஆனா குடுக்குறதுக்கு முன்னாடி அந்தக் கோணத்துலயே பிடிச்சுக்கிட்டு பேக்கப்ப எடுத்துடுங்க.

விண்டோஸ்ல பேர் வருது, எடிட்டர் மட்டும் கனெக்ட் ஆக மாட்டேங்குது

திறந்து வச்சிருக்குற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர மூடுங்க. விண்டோஸ்ல ஒரு மிடி (இசைக் கருவியும் கம்ப்யூட்டரும் பேசிக்கிற வழி) போர்ட்ட ஒரு ப்ரோக்ராம் பிடிச்சிருந்தா பல ட்ரைவர்ல இன்னொண்ணுக்கு குடுக்காது, ப்ரௌசர்ல மிடி பெர்மிஷன் குடுத்த டேப் திறந்திருந்தாக் கூட மாட்டும். ரெண்டு எடிட்டர் ஒரே நேரத்துல ஓடக் கூடாது.

அப்படியும் இல்லன்னா எடிட்டர் வெர்ஷனும் ஃபர்ம்வேரும் ஒத்துப் போகல. லைன் 6 பக்கம் இது ரொம்ப கறார், ஹெச்எக்ஸ் எடிட்டும் பாட் கோ எடிட்டும் பாக்ஸோட ஃபர்ம்வேருக்கு பொருத்தமான வெர்ஷனா இருக்கணும். புது பாக்ஸ்னா ரெண்டையும் அப்டேட் பண்ணிக்கலாம். பழைய பாக்ஸ்னா அத தொடாம, அதோட ஃபர்ம்வேருக்கு பொருந்துற பழைய எடிட்டரத் தேடி எடுங்க. போஸ் ஜிடி-10 மாதிரி சிலதுல சிஸ்டம் மெனுவுக்குள்ள யூஎஸ்பி ட்ரைவர் மோடுன்னு ஒண்ணு இருக்கும், ஸ்டாண்டர்ட், அட்வான்ஸ்ட்னு ரெண்டு. ட்ரைவர் போட்டிருந்தா அட்வான்ஸ்ட்ல இருக்கணும், மாத்துனா ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும்.

யூஎஸ்பியே இல்ல, மிடி ஓட்டை மட்டும் தான் இருக்கு

போஸ் ஜிடி-6, ஜிடி-8, லைன் 6 பாட் 2.0 எல்லாம் இந்த வகை. பயப்படாதீங்க, இதுல எடுக்குற பேக்கப் ரொம்ப நம்பகமானது. பாக்ஸ்ல இருக்குற பாட்ச மிடி வழியா கம்ப்யூட்டருக்கு அனுப்புறது தான் டம்ப், அப்படிப் போற மெசேஜுக்குப் பேர் சிஸ்எக்ஸ். யூஎஸ்பி மிடி கேபிள் ஒண்ணும், விண்டோஸ்னா மிடி-ஆக்ஸ், மேக்னா சிஸ்எக்ஸ் லைப்ரேரியன்னு ஒரு ஃப்ரீ ப்ரோக்ராமும் போதும்.

*டம்ப் அனுப்புனா கம்ப்யூட்டருக்கு எதுவுமே வரல*ன்னா கேபிள் மாறியிருக்கு. பாக்ஸோட அவுட், கேபிள்ல இன்னுன்னு எழுதியிருக்குற மூக்குக்கு போகணும். சில கேபிள்ல எழுதியிருக்குறதே எந்த ஓட்டையில சொருகணும்னு அர்த்தத்துல இருக்கும், அதனால வரலன்னா ரெண்டையும் மாத்தி மாட்டிப் பாருங்க, எதுவும் கெட்டுப் போகாது.

*பாதி வந்து நிக்குது, இல்ல வந்த ஃபைல் திரும்ப ஏற மாட்டேங்குது*ன்னா அது விலை கம்மி மிடி கேபிளோட வேலை. நோட் மெசேஜ் எல்லாம் அழகா போகும், ஆனா பாட்ச் டம்ப் மாதிரி நீளமான மெசேஜ் வந்தா உள்ள இருக்குற சின்ன மெமரி நிரம்பி நடுவுல சிலது கீழ விழுந்துடும். மிடி-ஆக்ஸ்ல சிஸ்எக்ஸ் கான்ஃபிகர் பக்கத்துல இன்புட் பஃபர் சைஸ கூட்டுங்க, அனுப்புறப்போ ஒவ்வொரு மெசேஜுக்கு நடுவுலயும் டிலே குடுங்க. மொத்தமா எடுக்காம ஒவ்வொரு பாட்சா அனுப்புங்க. அப்படியும் விழுந்தா கேபிள மாத்துங்க, இல்லன்னா மிடி ஓட்டை இருக்குற ஆடியோ இன்டர்ஃபேஸ் வச்சிருக்குற நண்பர்கிட்ட ஒரு மணி நேரம் கடன் வாங்குங்க, காசு மிச்சம்.

வந்தது முழுசா வந்துச்சான்னு பாக்க ஒரு வழி இருக்கு. ஃபைல ஹெக்ஸ் வியூவர்ல (ஃபைல எண்களா காட்டுற ப்ரோக்ராம்) திறங்க. முதல் எண் எஃப்0, கடைசி எண் எஃப்7, எஃப்0-க்கு அடுத்து போஸ்னா 41, ஜூம்னா 52, லைன் 6-னா 00 01 0சி. கடைசில எஃப்7 இல்லாம அந்தரத்துல நின்னா டம்ப் முழுசா வரல, திரும்ப எடுங்க. அதே பாட்ச ரெண்டு தடவ எடுத்து ரெண்டு ஃபைலும் ஒரே சைஸான்னு பாக்குறதும் நல்லது.

ஜூம் 505 காலத்து பாக்ஸ்ல யூஎஸ்பியும் இல்ல மிடியும் இல்ல. அதுல ஃபோட்டோவும் ரெக்கார்டிங்கும் தான் வழி, சுத்தி வளைக்காம நேரா கையால கட்டுற பகுதிக்குப் போங்க.

ஃபைல் கையில இருக்கு, புது மெஷின் வாங்க மாட்டேங்குது

இங்க தான் நேரம் அதிகமா வீணாகுது. ஃபைல் பேர மாத்தி, கடைசி எழுத்த மாத்தி, கன்வர்ட்டர் தேடி அலைவாங்க. மொதல்ல ஃபைலோட கடைசி எழுத்து என்னன்னு பாருங்க.

லைன் 6 பக்கம் பாட் ஹெச்டி500 குடுக்குறது ஹெச்5ஈ. ஹெலிக்ஸ், ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் எல்லாம் ஹெச்எல்எக்ஸ். பாட் கோ பிஜிபி. ஹெச்டி500-லேர்ந்து 2013-ல வந்த ஹெச்டி500எக்ஸுக்கு பாட்ச் போகும். எதிர்ப் பக்கம், எக்ஸ்ல ப்ராசஸிங் பவர் அதிகங்கிறதால அங்க கட்டுன கனமான பாட்ச் பழசுல அடங்காம போகலாம். ஹெச்டிலேர்ந்து ஹெச்எக்ஸுக்கோ பாட் கோவுக்கோ நேரா போகவே போகாது, உள்ள இருக்குற ஆம்ப் மாடலே வேற, பேர மாத்துறதெல்லாம் வீண் வேலை. ஹெலிக்ஸ்லேர்ந்து பாட் கோவுக்கும் ஃபைல் அப்படியே ஏறாது.

போஸ்ல வேற மாதிரி குழப்பம், நிறைய மாடலுக்கு ஒரே டிஎஸ்எல் தான். ஜிடி-1-ஓட ஃபைலும் டிஎஸ்எல், கட்டானா ஃபைலும் டிஎஸ்எல். அதனால "டிஎஸ்எல் தானே, ஏன் ஏற மாட்டேங்குது"ன்னு கேக்குறாங்க. அந்த ஃபைல நோட்பேட்ல திறந்து பாருங்க, அது வெறும் டெக்ஸ்ட் தான். கட்டானா எம்கே2 மாதிரி புது ஃபைல்கள்ல ஆரம்பத்துலயே டிவைஸ்னு போட்டு மாடல் பேர் எழுதியிருக்கும். உங்க பாக்ஸ் பேர் அங்க இல்லன்னா அது உங்களுக்கு இல்ல. அந்தப் பேர மட்டும் அடிச்சு மாத்தி ஏத்துற வேலை வேண்டாம், ஏறுனாலும் உள்ள இருக்குற எண்கள் வேற இடத்துல போய் உக்காந்து வால்யூம் திடீர்னு முழுசா வந்து நிக்கும். ஹெட்ஃபோன்ல இருந்தீங்கன்னா காது போயிரும்.

ஜூம் ஜி1ஆன்லேர்ந்து ஜி1 ஃபோருக்கும் நேரா போகாது. ரெண்டுலயும் ஒரே நேரத்துல அஞ்சு எஃபெக்ட் தான், ஜி1ஆன்ல பாட்ச் நூறு, ஜி1 ஃபோர்ல அம்பது. அதனால கையால கட்டுறது கஷ்டமே இல்ல, ஒவ்வொரு ஸ்லாட்டையும் பாத்து அப்படியே போடலாம், பாட்ச் எதெது வேணும்னு பேப்பர்ல எழுதச் சொன்னது இதுக்குத் தான்.

ஒரே குடும்பத்துக்குள்ள ஃபைல் ஏறணும், ஆனா ஏறலன்னா புது பாக்ஸோட ஃபர்ம்வேர் பழசா இருக்கும். பாட்ச் செஞ்ச மெஷின்ல இருந்த வெர்ஷன விட உங்களுது பின்னாடி இருந்தா ஏறாது, பேக்கப் எடுத்துட்டு அப்டேட் பண்ணுங்க.

ஏறிடுச்சு, ஆனா நடுவுல சில எஃபெக்ட் காணோம், இல்ல சவுண்டே வரல

இடம் பத்தலையான்னு பாருங்க. ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப்ல 6 ப்ளாக் (எஃபெக்ட் வைக்கிற இடம்) தான் இருந்துச்சு, 2020-ல வந்த 3.0 ஃபர்ம்வேர்ல தான் 8 ஆச்சு, இன்னும் அப்டேட் பண்ணாத பாக்ஸ் செகண்ட் ஹேண்ட்ல வருது. பாட் கோல ஆம்ப், கேப் (ஸ்பீக்கர் பெட்டியோட நகல்), ஈக்யூ, வா, வால்யூம், லூப் எல்லாத்துக்கும் நிரந்தர இடம், அது போக உங்க இஷ்டத்துக்கு 4 தான். பழசுல ஆறு பெடல் அடுக்கியிருந்தா ரெண்ட விட்டுத் தான் ஆகணும். எனக்குத் தெரிஞ்சு மொதல்ல விட வேண்டியது ரெண்டாவது ரிவர்பும், ஆஃப்லயே கிடக்குற கோரஸும்.

ஜூம் ஜி1 ஃபோர்ல எஃபெக்ட்ட கிட்டார் லேப்ங்கிற ஜூம் எடிட்டர் வழியா உள்ள போடவும் எடுக்கவும் முடியும். அதனால பாட்ச்ல இருக்குற எஃபெக்ட் உங்க பாக்ஸ்ல ஏத்தியிருக்கான்னு அங்க பாருங்க.

சவுண்ட் சுத்தமா வரலன்னா, இல்ல ஈ கத்துற மாதிரி கரகரன்னு வந்துச்சுன்னா ஐஆர் (ஸ்பீக்கர் பெட்டியோட சத்தத்த பதிவு பண்ண ஃபைல்) காணோம்னு அர்த்தம். பாட்ச் ஃபைலோட சேந்து ஐஆர் வராது, அது தனி வேவ் ஃபைல். பழைய பாக்ஸ்ல எந்த நம்பர் ஸ்லாட்ல எந்தப் பேர்ல இருந்துச்சோ அதே ஸ்லாட்ல அதே பேர்ல புதுசுலயும் ஏத்துங்க, அதுக்கப்புறம் பாட்ச திறங்க.

எல்லாம் ஏறிடுச்சு, ஆனா சவுண்ட் அது இல்ல

பத்துல எட்டு பேர் கடைசில வந்து நிக்கிற இடம் இது தான். கையால கட்டுனவங்களும் இங்கேர்ந்து சேந்துக்கோங்க. கெயின், ஈக்யூன்னு உடனே திருக ஆரம்பிக்காதீங்க, கீழ இருக்குற வரிசையில போங்க.

*மூடி வச்ச மாதிரி மந்தமா இருக்கா?* அவுட்புட் செட்டிங் பாருங்க. இது பாட்ச்சோட வராது, பாக்ஸோட பொது செட்டிங். போஸ் ஜிடி-1-ல ஜேசி-120, ஸ்மால் ஆம்ப், காம்போ, ஸ்டாக், லைன் அல்லது ஃபோன்ஸ்னு இருக்கும். ஹெட்ஃபோனுக்கு கட்டுன பாட்ச அப்படியே கிட்டார் ஆம்ப்போட முன் இன்புட்ல விட்டா பாக்ஸ்ல ஒரு ஸ்பீக்கர் நகல், ஆம்ப்ல நெஜ ஸ்பீக்கர்னு ரெண்டு தடவ வடிகட்டி மேல் சத்தமே செத்துடும். கேப ஆஃப் பண்ணுங்க, ஆம்ப்ல பவர் ஆம்ப் இன் இருந்தா அதுல விடுங்க.

*குச்சி குச்சியா, காதக் கிழிக்குதா?* அதே விஷயம் தலைகீழா. ஹெட்ஃபோன்லயோ சர்ச் மிக்ஸர்லயோ நேரா போறீங்க, ஆனா கேப் ஆஃப்ல இருக்கு, இல்ல அவுட்புட் ஆம்ப்னு நிக்குது.

*சத்தம் கம்மி, உயிர் இல்லாத மாதிரி இருக்கா?* பழைய ரெக்கார்டிங்கையும் புதுசையும் ஒரே வால்யூமுக்கு கொண்டு வந்துட்டு கேளுங்க. காது எப்பவும் சத்தமா இருக்குறது தான் நல்லா இருக்குன்னு சொல்லும், இந்த ஒண்ணுலயே பாதிப் பேர் பிரச்சனை முடிஞ்சுடும். பாட்ச் லெவல கூட்டுங்க, ட்ரைவ கூட்டாதீங்க.

*நோட் கடைசில வெட்டுதா?* நாய்ஸ் கேட் (இரைச்சல வெட்டுற எஃபெக்ட்). பழைய பாக்ஸ்ல 40-ன்னா புதுசுலயும் 40 போடக் கூடாது, அளவுகோலே வேற. பூஜ்யத்துல வச்சு, கைய ஸ்ட்ரிங்ல வச்சு அமுக்குனா இரைச்சல் அடங்குற வரைக்கும் மட்டும் ஏத்துங்க.

*டிலே பாட்டோட ஒட்டலையா?* பழசுல மில்லிசெகண்ட்ல இருந்திருக்கும், புதுசு டெம்போவோட கட்டியிருக்கும். 60000-த்த டெம்போவால வகுத்தா ஒரு அடிக்கு எவ்வளவுன்னு வரும், 120 டெம்போன்னா 500 மில்லிசெகண்ட், அதுல முக்கால் 375. பழைய ஃபோட்டோல 375-ன்னு இருந்தா அது 120-ல ஓடுற பாட்டுக்கு போட்ட டாட்டட் எய்த்னு புரிஞ்சிடும், புதுசுல அப்படியே தேர்ந்தெடுத்துக்கலாம், பாட்டு வேகம் மாறுனாலும் கூடவே வரும்.

*எல்லாம் பாத்தாச்சு, டிஸ்டார்ஷன் மட்டும் வேறயா?* இப்ப தான் ஆம்ப் மாடல். ரெண்டு பாக்ஸ்லயும் ஒரே ஆம்ப் பேர் இருந்தாலும் கெயின் 6-ங்கிறது ரெண்டுலயும் ஒண்ணு இல்ல. எஃபெக்ட் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு வெறும் ஆம்ப், கேப் மட்டும் வச்சு கட்ட ஆரம்பிங்க. மொதல்ல கேப மாத்திப் பாருங்க, ஏன்னா டோன்ல பெரிய வித்தியாசம் அங்கேர்ந்து தான் வருது, நம்ம ஆளுங்க கடைசியா தான் அதத் தொடுறாங்க. கேப் கிட்ட வந்த பிறகு கெயின், அப்புறம் மிட், அதுக்கப்புறம் பாஸும் ட்ரெபிளும். வாசிச்சத திரும்பத் திரும்ப ஓட்டுற லூப்பர் பெடல் இருந்தா ரெண்டு பாக்ஸுக்கும் முன்னாடி வச்சு ஒரே ரிஃப்ப ஓட விடுங்க, கை மாறாம வாசிப்பு ஒண்ணாவே இருக்கும், வித்தியாசம் பளிச்னு கேக்கும். அரை மணிக்கு ஒரு தடவ காதுக்கு ஓய்வு குடுங்க, களைச்ச காதுக்கு ட்ரெபிள் கம்மியா கேட்டு ஏத்திக்கிட்டே போவீங்க.

ப்ளூடூத் ஆம்ப், ஆப்ல பாட்டு வருது, பாட்ச் மட்டும் போகல

ஸ்பார்க் 40 மாதிரி ஆம்ப்ல ப்ளூடூத் லிஸ்ட்ல ரெண்டு பேர் வரும், ஒண்ணு ஆடியோ, இன்னொண்ணு பிஎல்ஈ (செட்டிங்ஸ் போற கனெக்‌ஷன்). ஃபோன் செட்டிங்ஸ்ல ஆடியோவ மட்டும் பேர் பண்ணுங்க, மத்தத ஆப்புக்குள்ள தான் கனெக்ட் பண்ணணும். ரெண்டையும் செட்டிங்ஸ்ல பேர் பண்ணியிருந்தா பிஎல்ஈ-ய ஃபர்கெட் பண்ணிட்டு திரும்ப ஆப்லேர்ந்து வாங்க. ஆண்ட்ராய்ட் 11 வரைக்கும் லொகேஷன் ஆன்ல இருக்கணும், 12-லேர்ந்து நியர்பை டிவைசஸ் பெர்மிஷன் கேக்கும், அதுக்கு முடியாதுன்னு அழுத்தியிருந்தா ஆப்புக்கு ஆம்ப் கண்ணுலயே படாது. வீட்டுல இன்னொருத்தர் ஃபோன் முன்னாடியே பிடிச்சு வச்சிருக்கான்னும் பாருங்க.

யூஎஸ்பி மாட்டுனதும் ம்ம்ம்னு இரைச்சல்

லேப்டாப் சார்ஜர கழட்டிப் பாருங்க, நின்னுடுச்சுன்னா பாட்ச்ல எந்தக் கோளாறும் இல்ல, பேட்டரில வச்சே வேலைய முடிங்க. நிக்கலன்னா ஆம்ப்பையும் லேப்டாப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல மாட்டுங்க. கிட்டார் கம்பியத் தொட்டா நிக்குது, விட்டா வருதுன்னா வீட்டு எர்த்தையும் கிட்டாரோட உள் கிரவுண்டையும் சந்தேகப்படணும், கம்பியத் தொட்டா சுர்ருன்னு இருந்தா அப்பவே ப்ளக்கப் பிடுங்கிட்டு எலெக்ட்ரீஷியனக் கூப்பிடுங்க. மூணாவது பின்ன ஒடிச்சு விடுறது மட்டும் செய்யவே செய்யாதீங்க, உயிர் சமாச்சாரம்.

ஆஃப் பண்ணி ஆன் பண்ணா பாட்செல்லாம் போயிடுது

புது பாக்ஸ்ல நடந்தா ஸேவ் பண்ணாம விட்டது தான். எடிட்டர்ல பாத்தது பாக்ஸ்ல எழுதப்பட்டதுன்னு அர்த்தம் இல்ல, ரைட் அழுத்தி ஸ்லாட் நம்பர் குடுத்தாத் தான் உக்காரும்.

90-கள்ல வந்த பழைய பாக்ஸ்ல நடந்தா உள்ள இருக்குற சிஆர்2032 மாதிரி மெமரி பேட்டரி சாகுது. இன்னும் பாட்ச் உயிரோட இருந்தா திறக்குறதுக்கு முன்னாடி மிடி டம்ப் எடுத்துடுங்க, பேட்டரிய எடுத்த நொடி எல்லாம் அழிஞ்சிரும். ஹோல்டர்ல இருந்தா நீங்களே மாத்தலாம். போர்டுல சோல்டர் பண்ணியிருந்தா சர்வீஸ்காரர்கிட்ட குடுங்க, டம்ப் எடுக்க வழி இல்லன்னா அத முன்னாடியே சொல்லிடுங்க, மெமரிக்கு வெளியிலேர்ந்து சப்ளை குடுத்துக்கிட்டே பேட்டரிய மாத்தத் தெரிஞ்சவரா பாத்து குடுங்க.

அப்டேட் நடுவுல நின்னுடுச்சு, ஸ்க்ரீன் கறுப்பா இருக்கு

அக்னி நட்சத்திரத்துல சாயங்காலம் ஏழு மணிக்கு, யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்ல ஃபர்ம்வேர் போட்டா கரன்ட் போறதுக்கு வாய்ப்பு நிறைய. பாக்ஸ் அடாப்டர்ல ஓடுதுன்னா லேப்டாப்ல பேட்டரி இருந்து மட்டும் பத்தாது, பாக்ஸுக்கும் இன்வெர்ட்டர் லைன் வேணும்.

நின்னுடுச்சுன்னா பதறாம பாக்ஸ ஆஃப் பண்ணி, உங்க மாடல் மேனுவல்ல சொன்ன பட்டன பிடிச்சுக்கிட்டே அப்டேட் மோடுல ஆன் பண்ணி, அதே அப்டேட்டர்ல முதல்லேர்ந்து போடுங்க. பெரும்பாலும் எழுந்திரிச்சுடும். வேற கேபிள், வேற போர்ட், வேற கம்ப்யூட்டர்னு மூணையும் மாத்திப் பாத்தும் அப்டேட் மோடுக்கே வரலன்னா கம்பெனி அங்கீகரிச்ச சர்வீஸ் சென்டருக்கு கொண்டு போங்க, வாரன்ட்டி இருந்தா பில்லோட. வெளியில குடுத்து மூடியத் திறந்தா வாரன்ட்டி போயிடும். குடுக்குறப்போ எந்த வெர்ஷன்லேர்ந்து எந்த வெர்ஷனுக்கு போனீங்க, எத்தனை சதவீதத்துல நின்னுச்சு, அடாப்டர் எதுன்னு ஒரு சீட்டுல எழுதி ஒட்டிக் குடுங்க, அடாப்டரையும் கூடவே குடுங்க. பாக்ஸ் திரும்பி வர்றப்போ உள்ள எல்லாம் காலியாத் தான் இருக்கும், நீங்க எடுத்து வச்ச பேக்கப்ப ஏத்தி, ஐஆர அதே ஸ்லாட்ல போட்டு, அவுட்புட் செட்டிங்க மறுபடி வச்சுக்கோங்க.